கை விறைக்குதா? சின்னச் சதுரமாகப் பின்னுங்க!

கேள்வி: "எனக்கு 57 வயசு. முப்பது வருஷமா பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பழம் எடுப்புன்னு காட்டு வேலைதான். இப்போ கொஞ்ச வருஷமா மல்லிகைத் தோட்டத்துல விடியும் முன்னாடி மொட்டு எடுக்கப் போறேன். எந்திரிச்சதும் விரல் மடங்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் போனா சரியாகிடுது. மருமகள் செல்போனைப் பார்த்து குரோஷா பின்னக் கத்துக்கிட்டு எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். மனசுக்குப் பிடிச்சிருக்கு. டவுன்ல ஒருத்தர் மெல்லிசு நூலும் ஊசியும் குடுத்து, டீப்பாய் விரிப்பு 12 பின்னித் தந்தா கூலி தர்றேன்னு சொல்றார். இன்னொரு பக்கம், மகளுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. பிறக்கப்போற பிள்ளைக்கு என் கையால ஒரு விரிப்பு பின்னணும்னு ஆசை. எதை எடுக்கலாம்? விறைச்ச கையோட இதெல்லாம் செய்யலாமா?"
- வாசகி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை.

பதில்: செய்யலாம் அம்மா. பிள்ளைக்கான விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டீப்பாய் விரிப்புக்கு வாங்கிய நூலையும் ஊசியையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

'கொஞ்ச நேரம்' என்றால் எவ்வளவு நேரம்?

கை விறைப்பு என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும், உள்ளே இருக்கும் கோளாறு ஒன்றாக இருக்காது. நாளைக்கு எழுந்ததும் மணியைப் பாருங்கள். விரல் நன்றாக மடங்க ஆரம்பித்ததும் மறுபடி பாருங்கள். ஒரு வாரம் இப்படிக் குறித்து வையுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் விரல் இளகிவிட்டால், விரல் நுனிக் கணுக்களில் எலும்பு முண்டு முண்டாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் வயதும் உழைப்பும் சேர்ந்து வரும் மூட்டுத் தேய்மானம். கவனமாக வேலை செய்தால் இதோடு பின்னலாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு போகவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி கணுக்கள் வீங்கியிருக்கின்றன, தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மருந்து எடுத்தால் விரல் கோணிப் போகாமல் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் கோணிய விரலைப் பழையபடி நிமிர்த்துவது கஷ்டம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சாமி கும்பிடுவதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துங்கள். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நடுவே சந்து விழுந்தால், ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குக் கைத்தோலும் தசைநாரும் இறுகி விரல் நிமிராமல் போவது உண்டு. மடக்கிய விரல் 'டக்'கென்று சொடுக்கி நிமிர்வதும் அவர்களுக்கு அதிகம் வரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமே சர்க்கரைப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம்.

ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். அதையும் டாக்டரிடம் காட்டாமல் ஊசி பிடிக்க வேண்டாம்.

மெடிக்கல் கடையில் 'மூட்டு வலிக்கு' என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் மாத்திரை போடும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. வலி அடங்கும். ஆனால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். பின்னல் முடியட்டும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். வலிதான் நிறுத்தச் சொல்லும் மணி. அதை அமுக்கிவிட்டால் எப்போது நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது.

உங்கள் கைக்கு இறுக்கத்தான் தெரியும்

பூ எடுக்கும் வீடுகளில் கட்டவும் தெரிந்திருக்கும். பூக்கட்டும்போது ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கினால்தான் மாலை நிற்கும். ஒயர் கூடை பின்னினாலும் அப்படித்தான், இழுத்து இறுக்கணும். அந்தக் கையோடு குரோஷாவுக்கு வந்தால், கை தானாக நூலை இறுக்கும். கண்ணி இறுகினால் ஊசியின் மூக்கு உள்ளே நுழையாது. குத்தித் தள்ள வேண்டியிருக்கும். வலியின் பாதி அங்கேதான் வருகிறது.

குரோஷாவில் கண்ணி தொளதொளவென்று இருந்தாலும் பிரியாது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொள்ளும். கடைசி நுனியை மட்டும் முடிந்தால் போதும். எனவே தளர்த்திப் பழகுவதுதான் உங்களுக்கு முதல் பாடம். அதற்கு ஒரு சுலபமான வழி: நூல் உருண்டையின் மேல் ஒட்டிய சீட்டில் எத்தனை மில்லி மீட்டர் ஊசி என்று போட்டிருக்கும். அதைவிட ஒரு அளவு பெரிய ஊசியை எடுங்கள். 4 மி.மீ. என்றிருந்தால் 5 மி.மீ. எடுக்கலாம். இடது கை விரலில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டாம். ஒரு சுற்று போதும்.

டீப்பாய் விரிப்பை ஏன் வேண்டாம் என்கிறேன்?

அந்த வேலைக்கு 1 மி.மீ., 1.5 மி.மீ. என்று குண்டூசி பருமனில் எஃகு ஊசி. நூலும் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மெல்லிய காம்பைப் பிடிக்க விரல்கள் முழுதும் மடங்கி நெரிக்க வேண்டும். மண்வெட்டிக் காம்பு கைக்கு அடங்காமல் மெலிந்திருந்தால் கை எப்படிக் கடுக்கும்? அதே கணக்குதான். சின்னக் கண்ணி என்பதால் ஒரு சாண் நிரப்ப ஆயிரக்கணக்கில் கை அசைய வேண்டும். எல்லாம் ஒரே அசைவு. தேதி சொல்லி வாங்கிய வேலை என்பதால் வலித்தாலும் நிறுத்த மனசு வராது.

கூலி விஷயத்தையும் பார்க்க வேண்டும். ஆந்திராவில் மேற்குக் கோதாவரிப் பக்கம் நரசாபூர் என்று ஒரு ஊர். நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து மெல்லிய நூலில் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அது வெளிநாட்டுக்குப் போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். இது வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிற வேலை என்று எல்லோரும் பேசியதால்தான் கூலி அவ்வளவு குறைவாக இருந்தது என்று அதில் காட்டினார். நாள் முழுக்க உழைத்தவர்கள் வேலை செய்கிறவர்களாகவே எண்ணப்படவில்லை.

எனவே யார் பின்னல் வேலை கொடுத்தாலும், ஒரே ஒரு உருப்படியைப் பின்னி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறியுங்கள். கூலியை அந்த மணியால் வகுங்கள். காட்டு வேலையில் ஒரு மணிக்குக் கிடைக்கும் கூலியோடு ஒத்துப் பாருங்கள். கை வலியை அதில் சேர்க்காமலேயே பதில் தெரிந்துவிடும்.

பிள்ளைக்கு விரிப்பு: 36 சதுரம்

ஒரே துண்டாக விரிப்புப் பின்னாதீர்கள். பாதி வளர்ந்ததும் அதன் கனம் முழுக்க மடியிலும் மணிக்கட்டிலும் இறங்கும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் அந்தக் கனத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

சின்னச் சின்னச் சதுரமாகப் பின்னிப் பிறகு இணையுங்கள். இதை 'கிரானி ஸ்கொயர்' என்பார்கள். அதாவது பாட்டி சதுரம். பெயரே உங்களுக்குப் பொருத்தம்தான். சதுரம் 5 அங்குலம் என்று வையுங்கள். ஒரு வரிசைக்கு 6, மொத்தம் 6 வரிசை. 36 சதுரத்தில் 30 அங்குல விரிப்பு ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று பின்னினாலும் 36 நாள். வளைகாப்புக்குப் பிறகு பிரசவத்துக்கு நாள் இருப்பதால் அவசரம் இல்லை. வலிக்கும் நாளில் பின்னாமல் விட்டாலும் கணக்கு இடிக்காது.

சின்னதைச் சேர்த்துப் பெரிதாக்குவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையில் நடந்ததைச் சொல்லலாம். 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு, பலர் பின்னிக் கொண்டுவந்த விரிப்புகளைச் சேர்த்து ஒரே விரிப்பாக்கி கின்னஸ் சாதனை செய்தது. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். ஒருத்தர் கையால் ஆகிற காரியமா அது?

இந்தச் சதுரம் விறைத்த கைக்கு ஏன் இதம் என்றால், நீளமாகச் செயின் போட்டு அதற்குள் குத்தி எடுக்கும் முதல் வரிசை இதில் இல்லை. பழகாதவர்களுக்கு அந்த வரிசைதான் அதிகம் வலிக்கும். இங்கே நடுவில் ஒரு வளையம் போட்டுச் சுற்றிச் சுற்றிப் போகிறோம். கண்ணிக்குள் குத்தாமல், கண்ணிக் கொத்துகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டையில்தான் ஊசி நுழைகிறது. கண்ணியும் உயரமான 'டபுள்' என்பதால் குறைந்த அசைவில் நிறைய வளரும்.

முறை: 4 செயின் போட்டு வளையமாக்குங்கள். வளையத்துக்குள் 3 செயின் (இது முதல் டபுளுக்குப் பதில்), 2 டபுள், 2 செயின். பிறகு 3 டபுள், 2 செயின் என்று மூன்று முறை. ஆரம்பத்தோடு சேர்த்து முடித்தால் நான்கு மூலை கிடைக்கும். அடுத்த சுற்றிலிருந்து மூலை ஓட்டை ஒவ்வொன்றிலும் 3 டபுள், 2 செயின், 3 டபுள். பக்கத்து ஓட்டைகளில் 3 டபுள் மட்டும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒரு செயின். நான்கு சுற்றில் ஏறக்குறைய 5 அங்குலம் வந்துவிடும். உங்களுக்குக் குறைந்தால் இன்னொரு சுற்று போடுங்கள்.

நூல் நுனிகளைக் கடைசியில் ஊசியில் கோத்துச் செருகுவது விறைத்த விரலுக்குச் சிரமம். ஆரம்ப நுனியை வளையத்தின் மேல் படுக்க வைத்து, அதையும் சேர்த்துப் பின்னிவிடுங்கள். உள்ளேயே மறைந்துவிடும்.

சதுரங்களை இணைக்கும்போது மடியில் போடாமல் கட்டிலிலோ மேசையிலோ பரப்பி வைத்து இணையுங்கள். கனத்தைக் கட்டில் தாங்கிக்கொள்ளும்.

எந்த நூல்?

கரிசல் காட்டில், நூல் மில் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. விறைத்த கைக்கு வெறும் பருத்தி நூல் அவ்வளவு இதம் இல்லை. பருத்தி நூல் நீளாது, கொடுக்காது. ஒவ்வொரு கண்ணிக்கும் கைதான் வளைந்துகொடுக்க வேண்டும். உல்லன், அக்ரிலிக் நூலுக்கு இழுத்தால் நீண்டு சுருங்கும் தன்மை இருப்பதால் விரலுக்கு வேலை குறைவு. ஆனால் நம் ஊர் வெயிலுக்குப் பச்சைப் பிள்ளைக்கு அக்ரிலிக் புழுங்கும். அதனால் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மெத்தென்ற நூலைக் கேளுங்கள். 'மில்க் காட்டன்' என்று கடையில் சொல்வார்கள். நடுத்தர தடிமன் போதும். ரொம்பத் தடித்த நூலும், பனியன் துணிக் கீற்றும் கனமாக இருப்பதால் மணிக்கட்டை இழுக்கும். வெளிர் நிறமாக வாங்கினால் கண்ணி தெளிவாகத் தெரியும், கண்ணுக்கும் சிரமம் இல்லை.

எவ்வளவு நூல் வேண்டும் என்று குழம்ப வேண்டாம். முதலில் ஒரு உருண்டை மட்டும் வாங்கி 4 சதுரம் பின்னுங்கள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதை 9-ஆல் பெருக்கினால் 36 சதுரத்தின் எடை. இணைப்பதற்கு இன்னும் ஒரு உருண்டை சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியும் உட்காரும் விதமும்

5 மி.மீ. அலுமினிய ஊசி வழுவழுப்பாக ஓடும். ஆனால் காம்பு மெல்லிசு. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, காம்பின் மேல் கட்டை விரல் பருமனுக்குச் சுற்றி நூலால் கட்டுங்கள். ரப்பர் பிடி போட்ட ஊசியும் கடையில் உண்டு. பேனா பிடிப்பதுபோல நுனி விரலால் பிடிக்காமல், கரண்டியைப் பிடிப்பதுபோல உள்ளங்கைக்குள் வைத்துப் பிடித்துப் பாருங்கள். சிலருக்கு இதில் விரல் நெரிப்பு நன்றாகக் குறையும்.

மொட்டு எடுத்துவிட்டு வந்த கையோடு உட்காராதீர்கள். சாப்பிட்டு, ஓய்வெடுத்து, மதியத்துக்கு மேல் உட்காருங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் ஐந்து நிமிஷம் கையை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். கணு சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் வெந்நீரும் வேண்டாம், பின்னலும் வேண்டாம். முழங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்து எழுந்து நடங்கள். செல்போனில் மணி வைத்துக்கொண்டால் நல்லது. பின்னல் ருசியில் நேரம் போவது தெரியாது.

மறுநாள் காலை விறைப்பு எப்போதும்போல இருந்தால் அளவு சரி. வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் முந்தின நாள் கூடிப்போய்விட்டது. அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள்.

கடைசியாகப் பிள்ளை விஷயம். விரிப்பில் மணி, பொத்தான் எதுவும் வைத்துத் தைக்க வேண்டாம். பிள்ளை தூங்கும்போது தூளிக்குள் போடுவதோ மேலே போர்த்துவதோ கூடாது, முகத்தில் விழுந்தால் மூச்சு முட்டும். ஓட்டையில் பிஞ்சு விரல் மாட்டும் என்பதால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கீழே விரித்துப் படுக்க வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: "ஒயர் கூடை பின்னி விற்கிறேன். கட்டை விரல் அடியில் வலி எடுக்கிறது. குரோஷாவுக்கு மாறினால் வலி போகுமா?"
- வாசகி, திருச்சுழி வட்டாரம்.

பதில்: மாறினால் மட்டும் போகாது அம்மா. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிப்பதில்தான் அந்த மூட்டு நோகிறது. ஒயரை இழுக்கும்போது அந்தக் கிள்ளல் பலமாக இருக்கும். குரோஷாவில் பலம் குறைவு, ஆனால் நேரம் அதிகம். முதலில் ஒரு மாதம் கூடை வேலையைக் குறைத்து வலி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், உல்லன் நூலில் வாசல் தோரணத்துக்கான பூ, இலை மாதிரி சின்ன உருப்படியிலிருந்து ஆரம்பிக்கலாம். குட்டிப் பொம்மைகள் பக்கம் போக வேண்டாம். பஞ்சு வெளியே தெரியாமல் இருக்க அதில் கண்ணியை இறுக்கிப் பின்னியாக வேண்டும். உங்கள் கைக்கு அது ஆகாது. கூடையை விடவே முடியாது என்றால், ஒயரை விரலால் இழுக்காமல் சின்னக் குறடால் பிடித்து இழுத்துப் பழகுங்கள்.

கேள்வி: "மில் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். 64 வயது. விரல் விறைக்காமல் இருக்க ஏதாவது கைவேலை செய்யச் சொன்னார் டாக்டர். ஆம்பிளை பின்னினால் ஊரில் சிரிப்பார்களா?"
- வாசகர், அருப்புக்கோட்டை.

பதில்: உங்கள் ஊரில் தறியில் உட்கார்ந்தவர்களில் ஆண்கள் எத்தனை பேர் ஐயா? ராமநாதபுரம் கடற்கரையில் வலையைப் பின்னிச் சரிசெய்வதும் ஆண்கள்தான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்கு ஊசிகூட வேண்டாம். தடித்த உல்லன் நூலை எடுத்து, ஒரு கண்ணி போட்டு, ஆள்காட்டி விரலையே கொக்கியாக்கி அடுத்த கண்ணியை இழுங்கள். இப்படியே செயின் மட்டும் போட்டுக்கொண்டே போகலாம். நெரிப்பே இல்லை. முதலில் மாட்டுப் பொங்கலுக்குக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்ட ஒரு வண்ணக் கயிறு செய்யுங்கள். அலங்காரத்துக்கு மட்டும்தான், கட்டிப்போட அது தாங்காது. அது கைவந்த பிறகு ஊசி பிடிக்கலாம்.

பாளையம்பட்டி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வாரக் காலை விறைப்புக் கணக்கை எழுதி அனுப்புங்கள். அரை மணியா, ஒரு மணிக்கு மேலா என்பது தெரிய வேண்டும். ஒரு மணிக்கு மேல் என்றால் எனக்கு எழுதுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விரிப்பு நாலு நாள் காத்திருக்கும். மகளுக்கு வளைகாப்பு நல்லபடியாக நடக்கட்டும்.